சிரைவழி மருந்து ஏறும் நாட்களில் நெடுந்தூரப் பயணம்: ரயிலா, காரா, விமானமா, தங்கிவிடுவதா?

எலும்பில் சீழ் வைத்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், இதய வால்வில் கிருமித் தொற்று கண்டவர்களுக்கும் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் வரை சிரை வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டியிருக்கும். அத்தனை நாளும் வார்டில் கிடக்கத் தேவையில்லை என்று மருத்துவர் கருதினால், கையில் பிக் லைன் என்ற மெல்லிய நீண்ட குழாயைப் பொருத்தி, மருந்துக் குப்பிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, மீதி டோஸ்களை வீட்டிலிருந்தபடியே போட்டுக்கொள்ளும்படி அனுப்பிவைப்பார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் கொண்ட குழந்தைகளுக்காக 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் செய்து காட்டிய இந்த முறை இன்று நம் பெருநகர மருத்துவமனைகளிலும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. நோயாளியின் வீடு அதே ஊரில் இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. சிகிச்சை சென்னையிலும் வீடு திருநெல்வேலியிலும் என்றால், டிஸ்சார்ஜ் தேதி சொன்ன அன்றே குடும்பத்துக்குள் விவாதம் தொடங்கிவிடுகிறது. ரயிலில் படுக்க வைத்து அழைத்துப் போவதா, கார் பிடிப்பதா, கடன் வாங்கியாவது விமானத்தில் ஏற்றிவிடுவதா, மருந்து முடியும் வரை இங்கேயே அறை எடுத்துத் தங்கிவிடுவதா?

வாசகர்கள் பலர் இந்தக் கேள்வியோடு வருவதால், நான்கு வழிகளையும் சென்னை–திருநெல்வேலி என்ற ஒரே பாதையில் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன். சாலை வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் வரும் இந்தத் தூரத்துக்குச் சொல்வதில் பெரும்பகுதி வேலூர்–நாகர்கோவிலுக்கும் கோவை–ராமநாதபுரத்துக்கும் பொருந்தும். என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் மருந்தின் நேர அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஒரு டோஸ் முடிந்து அடுத்த டோஸ் தொடங்குவதற்குள் முழுப் பயணமும் தாமதத்துக்கான இடைவெளியோடு அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால், வேகமான வண்டியைத் தேடுவதற்கு முன் மருந்தையோ அட்டவணையையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதே சரி. ஓடும் வண்டியில் டோஸ் போடுவது, மற்ற எல்லா வழிகளும் கைவிட்ட பிறகே யோசிக்க வேண்டிய வழி.

டிக்கெட்டுக்கு முன் ஒரு கேள்வி: மாத்திரைக்கு மாற முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். ஊசிதான் வலிமையானது, மாத்திரை என்பது சிகிச்சையைக் குறைத்துக்கொள்வது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. பிரிட்டனின் 26 மருத்துவமனை மையங்களில் எலும்பு, மூட்டுத் தொற்று கொண்ட 1,054 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஒவிவா ஆய்வு, முதல் ஆறு வாரச் சிகிச்சையைச் சிரை வழியாகப் பெற்றவர்களையும் வாய்வழியாகப் பெற்றவர்களையும் ஓராண்டுக்குப் பின் ஒப்பிட்டது. மாத்திரை பெற்றவர்களின் நிலை மற்றவர்களைவிடத் தாழ்ந்திருக்கவில்லை. இதய வால்வுத் தொற்றுக்கு, குறைந்தது பத்து நாள் ஊசி மருந்து பெற்று உடல்நிலை சீரான 400 பேரிடம் டென்மார்க்கில் நடந்த போயட் ஆய்விலும் இதே போன்ற முடிவு கிடைத்தது. எல்லாக் கிருமிகளுக்கும் எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தாது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று காட்டும் கல்ச்சர் அறிக்கையைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும். ஆனால் அவர் ஆம் என்று சொல்லிவிட்டால், கீழே வரும் பக்கங்களில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் வீடு திரும்பக் கூடாது.

எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் மருந்தின் இயல்பு. செஃப்ட்ரையாக்சோன் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை, அரை மணி நேரத்தில் ஏற்றி முடிக்கக்கூடியது. டெய்க்கோபிளானின் முதல் சில டோஸ்களுக்குப் பிறகு நாளுக்கு ஒன்று. சில நிமிடங்களில் சிரிஞ்சு வழியாகவே செலுத்திவிடலாம். எர்டாபெனமும் நாளுக்கு ஒன்றுதான். இந்த மூன்றில் எதை ஏற்றினாலும் இரண்டு டோஸ்களுக்கு நடுவே ஏறத்தாழ 23 மணி நேரம் கையில் இருக்கிறது. வான்கோமைசின் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு கிராம் மருந்தைக் குறைந்தது ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்ற வேண்டும், வேகமாக இறங்கினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், ரத்த அழுத்தமும் சரியலாம். மெரோபெனம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. கலக்கிய பிறகு சாதாரண வெப்பநிலையில் சில மணி நேரமே தாங்கும் என்பதால், முன்கூட்டியே கலந்து எடுத்துச் செல்லவும் வழியில்லை. பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்போடெரிசின் தனி வகை: பல மணி நேரம் ஏற வேண்டும், சலைனில் (உப்பு நீரில்) கலக்கக் கூடாது, டெக்ஸ்ட்ரோஸில்தான் (சர்க்கரை நீரில்தான்) கலக்க வேண்டும், ரத்தத்தில் பொட்டாசியமும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் அடிக்கடி பார்க்கப்பட வேண்டும்.

இரண்டாவது, மருந்து ஏறும் பாதை. மேற்கையில் நுழைந்து இதயத்துக்கு அருகே முனை முடியும் பிக் லைன், மார்புத் தோலுக்கு அடியில் பதித்து, தேவைப்படும்போது ஊசி குத்தி மருந்து ஏற்றும் போர்ட், புறங்கையில் குத்திய சாதாரண ஊசிக்குழாயான வென்ஃப்ளான் ஆகிய மூன்றும் பயணத்தில் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஊசி குத்தாத நிலையில் இருக்கும் போர்ட்தான் மிகவும் பாதுகாப்பானது. பிக் லைனை இழுபடாமலும் நனையாமலும் காக்க வேண்டும். வென்ஃப்ளானை நம்பி நெடுந்தூரம் கிளம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அது நழுவிவிட்டால் வழியில் வேறொரு சிரையைத் தேடிக் குத்த ஆள் வேண்டும்.

மூன்றாவது, வாசலிலிருந்து வாசல் வரையிலான நேரம். வண்டி ஓடும் நேரம் மட்டும் கணக்கில்லை. நான்காவது, வழியில் தவறு நேர்ந்தால் எவ்வளவு நேரத்தில் உதவி கிடைக்கும் என்பது. ஐந்தாவது மொத்தச் செலவு, அதில் திரும்பி வரும் செலவும் அடங்கும். மறுபரிசோதனைக்கும் பிக் லைனை எடுக்கவும் சென்னைக்கே வரச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு பயணத்தின் விலையையும் இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

ஆறாவது அளவுகோலைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு டோஸ் போடுவது யார்? பிக் லைனைத் தொட மாட்டோம் என்று சொல்லும் சிறு மருத்துவமனைகள் உண்டு, அவற்றைக் குறை சொல்லவும் முடியாது. பழக்கமில்லாத கையால் லைன் அடைபட்டால் பழி அவர்கள்மேல் வரும். வாரம் ஒரு முறை டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், ரத்த அணுக்களையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பரிசோதித்து முடிவைச் சென்னை மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். மாவட்டத் தலைநகரில் கிடைக்கும் குப்பி தாலுகா ஊர் மருந்துக்கடையில் கிடைக்காமல் போகலாம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் சேவைகள் ரத்த அழுத்தம், நீரிழிவு, இயன்முறை, வலிநிவாரணப் பராமரிப்பு போன்றவற்றுக்கானவை. ஆறு வார ஆன்டிபயாட்டிக்கை அதை நம்பித் திட்டமிட வேண்டாம். இந்தக் கேள்விக்கு விடை இல்லாதபோது, எந்த வண்டியில் போனாலும் பயணம் தவறானதே.

இரவு ரயில்

நாளுக்கு ஒரு டோஸ் போடுபவருக்கு, நீட்டிப் படுக்க முடிகிற உடல்நிலையும் இருந்தால், இதுவே என் முதல் தேர்வு. மாலையில் டோஸை முடித்துக்கொண்டு எழும்பூரில் ஏறினால் மறுநாள் காலை திருநெல்வேலியில் இறங்கலாம். வீட்டிலிருந்து வீடு வரை 13 அல்லது 14 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், ரயில் மூன்று மணி நேரம் தாமதமானாலும், அடுத்த டோஸுக்கு நேரம் மிச்சம் இருக்கும். படுத்துச் செல்லலாம், எழுந்து நடக்கலாம், கழிவறை அருகிலேயே இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும் என்பதால் இது சாதாரண வசதி இல்லை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு இன்னும் முக்கியம்.

பகலில் ஓடும் வந்தே பாரத் எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்குச் சுமார் எட்டு மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது. ஆனால் அதில் இருக்கைகள் மட்டுமே உண்டு. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை வான்கோமைசின் பெறுபவர், உட்கார்ந்து வர முடியுமானால், இரவு ரயிலைவிட இதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு டோஸ் முடித்து ஏறி, அடுத்ததை வீட்டில் போடும் அளவுக்கு நேரம் இருக்கும். ஆனால் நிலையத்துக்குப் போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் மிச்சம் அதிகமில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ரயிலின் மறைமுகச் செலவு டிக்கெட்டில் இருக்கிறது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது, டிஸ்சார்ஜ் தேதியோ இரண்டு நாளுக்கு முன்தான் உறுதியாகிறது. தட்கலில் கீழ்ப்படுக்கைக்கு உறுதி கிடையாது, கட்டணச் சலுகையும் கிடையாது. பிக் லைன் உள்ள கையை ஊன்றி நடுப்படுக்கைக்கோ மேல்படுக்கைக்கோ ஏறுவது லைன் இழுபட நேரடிக் காரணமாகும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. அதற்குள் வராதவர்கள் மருத்துவமனைக் கடிதத்தோடு அவசர ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். புற்றுநோயாளிகளுக்கும், சிகிச்சைக்குச் செல்லும் சிறுநீரக, தலசீமியா நோயாளிகள் போன்ற சிலருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. வீட்டில் சிரைவழி மருந்து பெறுவது என்ற ஒன்று மட்டும் அந்தப் பட்டியலில் இடம்பெறக் காரணமாகாது. நடுப்படுக்கையே இல்லாத இரண்டடுக்கு ஏசியில் இடம் கிடைத்தால், கூடுதல் கட்டணம் கொடுத்தாவது அதை எடுப்பது நல்லது.

படுக்கைக்கு மேலே இருக்கும் கொக்கியில் பாட்டிலை மாட்டி டோஸ் போட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். ஆட்டத்தில் சொட்டின் வேகம் மாறும், வெளிச்சம் போதாது, கை கழுவிய பின் தொட்ட எதுவும் சுத்தமாக இருக்காது, மருந்து ஒவ்வாமல் போனால் அடுத்த நிலையம் எத்தனை கிலோமீட்டரோ தெரியாது. உடல்நிலை மோசமானால் 139க்குச் சொன்னால் அடுத்த பெரிய நிலையத்தில் மருத்துவர் வர ஏற்பாடு செய்வார்கள். ஆனால் அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கார்

காரின் பெரிய பலம் நிறுத்த முடிவது. அடுத்த டோஸ் வழியிலேயே வந்துவிடும் என்ற நிலையில் ரயிலும் விமானமும் தர முடியாத ஒன்றைக் கார் தருகிறது: விழுப்புரம், திருச்சி, மதுரை என்று போகும் பாதையில் முன்கூட்டியே பேசி வைத்த ஒரு மருத்துவமனையிலோ உறவினர் வீட்டிலோ நிறுத்தி, கை கழுவி, சுத்தமான மேசையில் குப்பியைக் கலக்கி, அசையாத கட்டிலில் படுக்க வைத்து டோஸ் போடலாம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மெரோபெனம் பெறுபவர் பயணம் செய்தே தீர வேண்டுமென்றால், திருச்சியில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரித்துச் செல்வதற்குக் கார்தான் பொருத்தம். தஞ்சாவூர் தாண்டிய கிராமத்துக்கோ தென்காசிப் பக்கத்துக்கோ போகிறவர்களுக்கு, நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாறும் அலைச்சலும் மிச்சமாகும்.

குறைகளும் கணிசமானவை. நிறுத்தங்களையும் சேர்த்தால் 11 முதல் 13 மணி நேரம் உட்கார்ந்த நிலையில் கழியும். முன் இருக்கையைச் சாய்த்தால் ஓரளவு படுக்கலாம், ஆனால் சாய்த்த இருக்கையில் பெல்ட் சரியாகப் பிடிக்காது; அதைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இறங்கி நடக்க வேண்டும். பெல்ட்டின் திசையையும் பார்க்க வேண்டும்: நம் கார்களில் இடப்பக்க இருக்கையின் பெல்ட் இடத் தோளின்மேல் வரும். இடப்பக்க மார்பில் போர்ட் உள்ளவர் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தால் பெல்ட் வலத் தோளில் விழும். போர்ட் வலப்பக்கம் என்றால் இடப்பக்கம் உட்கார வேண்டும். பெல்ட்டே போடாமல் போவது தீர்வாகாது.

மருந்தை டிக்கியில் வைக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் 50 டிகிரியைத் தாண்டக்கூடியது. பொடியாக உள்ள குப்பிகளில் பெரும்பாலானவை 25 அல்லது 30 டிகிரிக்குள் வைக்கப்பட வேண்டியவை. சாப்பிட இறங்கும்போது மருந்துப் பையும் கூட இறங்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, வாடகைக் காரில் கிலோமீட்டர் கணக்கு பெரும்பாலும் இரு வழிக்கும் போடப்படும், அதோடு ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், இரவு தங்கினால் அறை வாடகை எல்லாம் சேரும். குடும்பத்தில் ஒருவர் ஓட்டுவதாக இருந்தால், மருத்துவமனையில் பல இரவுகள் தூங்காமல் இருந்தவரை ஓட்ட விடாதீர்கள். சொந்த வண்டி, சொந்த ஆள் என்று மலிவாகத் தோன்றும் வழியின் உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது.

விமானம்

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். விமான நிலையத்துக்குச் செல்வது, காத்திருப்பது, தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போவது எல்லாம் சேர்த்தாலும் ஐந்து ஆறு மணி நேரத்தில் வீட்டில் இருக்கலாம். எட்டு மணி நேர இடைவெளியிலும் அடங்கக்கூடிய ஒரே வழி இதுதான். நீண்ட நேரம் உட்கார இயலாத, சோர்ந்த நோயாளிக்கு உடல் அலைச்சலும் குறைவு. சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்டுப் பதிவு செய்துவிடுவது நல்லது. சிறிய விமானங்களில் படியேறித்தான் உள்ளே போக வேண்டியிருக்கும் என்பதால், நோயாளியால் படி ஏற முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. கேபினின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. அந்த உயரத்தில் அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரிவடையும். பாதி காலியான பாட்டிலோடு சொட்டு இறங்கிக்கொண்டிருந்தால் வேகம் கணிக்க முடியாமல் மாறும். எனவே ஏறும் முன் டோஸை முடித்து, லைனை ஃபிளஷ் செய்து (சலைன் செலுத்திக் கழுவி), கிளாம்ப் போட்டு மூடிவிட வேண்டும். மின்சாரம் இல்லாமல் பலூன்போல் சுருங்கி மருந்தைத் தள்ளும் எலாஸ்டோமெரிக் பம்ப் பயன்படுத்துபவர்களும், அதன் வேகம் வெப்பநிலைக்கு ஏற்ப மாறக்கூடியது என்பதால், பறக்கும்போது இணைத்து வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்து, சிரிஞ்சு, ஊசி எல்லாமே கைப்பையில் வர வேண்டும். செக்-இன் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் டோஸ் தவறிவிடும். பாதுகாப்புச் சோதனையில் காட்ட மருந்துச்சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் நோயாளியின் பெயரோடு கையிலேயே இருக்கட்டும். வெளிநாட்டுப் பயணத்தில் திரவங்களுக்கான 100 மில்லி வரம்பிலிருந்து மருந்துகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், அதைக் கேட்டுப் பெறச் சீட்டு தேவை. லித்தியம் பேட்டரியில் ஓடும் பம்ப் அல்லது பவர் பேங்க் கேபினில்தான் வர வேண்டும். அண்மையில் மருத்துவமனையிலிருந்து வந்தவர்களிடம் விமான நிறுவனங்கள் பயணத் தகுதிச் சான்றும் மருத்துவப் படிவமும் கேட்கக்கூடும், அதற்கு ஓரிரு நாள் ஒதுக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தவர்கள், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள், வால்வுத் தொற்றால் மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஆகியோருக்கு விமானம் வேகமானது என்பதற்காகவே பாதுகாப்பானதாகிவிடாது.

கடைசி நேர டிக்கெட் விலை, கூட வருபவரின் டிக்கெட், இரு முனையிலும் கார் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பல நேரங்களில் வாடகைக் காருக்கு நெருங்கி வரும். இருவர் மட்டும் செல்லும் பயணத்தில் இந்தக் கணக்கைப் போடாமல் விமானத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

பேருந்தும் ஆம்புலன்சும்

படுக்கை வசதிப் பேருந்தை இந்தப் பயணத்துக்கு நான் சேர்க்கவே மாட்டேன். பெரும்பாலானவற்றில் கழிவறை இல்லை, படுக்கை குறுகல், குலுக்கல் அதிகம், நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. 108 அவசர சேவைக்கானது. திட்டமிட்டு வீடு திரும்ப அதை அழைக்கக் கூடாது. செவிலியரோடு வரும் தனியார் ஆம்புலன்ஸ், படுத்த நிலையிலேயே வர வேண்டியவர்களுக்கு மட்டும். ஆனால் அவ்வளவு நலிந்த நிலையில் இருப்பவரை வீட்டுச் சிகிச்சைக்கு அனுப்புவது சரிதானா என்பதை முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

போகாமல் தங்கிவிடுவது

இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் மருந்துதான் பாக்கி என்றால், மருத்துவமனைக்கு அருகே ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் பகல்நேரப் பிரிவுக்கு வந்து டோஸ் போட்டுக்கொள்வது பல குடும்பங்களுக்கு உண்மையில் மலிவு. போக ஒரு பயணம், லைன் எடுக்க ஒரு பயணம், கூட வருபவரின் கட்டணம், ஊரில் செவிலியருக்குக் கொடுக்கும் தொகை எல்லாவற்றையும் ஒரு பக்கமும், அறை வாடகையையும் சாப்பாட்டையும் மறு பக்கமும் எழுதிப் பாருங்கள். ஆம்போடெரிசின் பெறுபவர்களுக்கும், புதிய மருந்துக்கு மாறி முதல் சில டோஸ்களில் இருப்பவர்களுக்கும், கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கும் தங்குவது மட்டுமே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

இதன் மறைமுகச் செலவு பணத்தில் முடிவதில்லை. கூட இருப்பவரின் வேலை, ஊரில் தனியாக இருக்கும் பிள்ளைகள், வெளிச்சாப்பாடு, சொந்த வீட்டுக்கு ஏங்கும் நோயாளியின் மனநிலை ஆகியவை எடை குறைந்தவை அல்ல. நான்கு வாரம் பாக்கி இருக்கும்போது, நாளுக்கு ஒரு டோஸ் என்ற எளிய அட்டவணையில் இருப்பவரை வெறும் அச்சத்தினால் விடுதி அறையில் அடைத்து வைப்பதும் தவறுதான்.

ஒரே பார்வையில்

| | இரவு ரயில் | கார் | விமானம் | தங்குதல் |
|---|---|---|---|---|
| வாசல் முதல் வாசல் வரை | 13–14 மணி நேரம் | 11–13 மணி நேரம் | 5–6 மணி நேரம் | இல்லை |
| படுக்க வசதி | நன்று, கீழ்ப்படுக்கை கிடைத்தால் | ஓரளவு | இல்லை | முழுமையாக |
| வழியில் டோஸ் | தவிர்க்க வேண்டும் | நிறுத்திப் போடலாம் | தவிர்க்க வேண்டும் | கேள்வி எழாது |
| அவசர உதவி | அடுத்த நிலையம் வரை காத்திருப்பு | அருகிலுள்ள மருத்துவமனைக்குத் திருப்பலாம் | இறங்கும் வரை காத்திருப்பு | உடனே |
| எதிர்பாராத செலவு | தட்கல், ஏசி வகுப்பு | இருவழி வாடகை, பேட்டா | கடைசி நேர விலை, இரு முனையிலும் கார் | அறை, உணவு, இழந்த சம்பளம் |
| எந்த அட்டவணைக்கு | நாளுக்கு ஒன்று | 12 அல்லது 8 மணி நேரத்துக்கு ஒன்று, இடைத்தங்கலோடு | தங்க வேண்டியவை தவிர எதற்கும், உடல் தகுதி இருந்தால் | ஆம்போடெரிசின், புதிய மருந்து, கடைசி சில நாட்கள் |

எதில் போனாலும் மாறாதவை

குப்பிகளைப் பொடியாகவே கொண்டு செல்லுங்கள். போடும் நேரத்தில் கலக்கினால் குளிர்பெட்டித் தேவையே பெரும்பாலும் இருக்காது. கலக்கிய எர்டாபெனம் சாதாரண வெப்பநிலையில் ஆறு மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 24 மணி நேரம், வெளியே எடுத்த பின் நான்கு மணி நேரம் என்ற கணக்கு இதற்கு நல்ல உதாரணம். வழியில் ஐஸ் உருகினால் அந்த டோஸ் வீண். குளிரில் வைத்தே தீர வேண்டிய மருந்தானால், ஜெல் பையைத் துணியில் சுற்றி வையுங்கள். மருந்து உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. தேவையைவிட இரண்டு மூன்று நாளுக்கான குப்பிகள், சலைன், 10 மில்லி சிரிஞ்சுகள், டிரெஸ்ஸிங் ஆகியவை கூடுதலாக இருக்கட்டும். சிறிய சிரிஞ்சு லைனுக்குள் அதிக அழுத்தம் கொடுக்கும் என்பதால், 10 மில்லிக்குக் குறைந்ததால் பிக் லைனை ஃபிளஷ் செய்யக் கூடாது.

டோஸ் நேரத்தைப் பயணத்துக்காக நகர்த்த வேண்டுமானால், கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன்பே மருத்துவர் புதிய நேரங்களை எழுதித் தரட்டும். தவறிய டோஸுக்காக அடுத்ததை இரட்டிப்பாக்குவது ஒருபோதும் கூடாது. பயன்படுத்திய ஊசிகளை ரயில் குப்பைத் தொட்டியிலோ சாலையோரத்திலோ போடாமல், துளைக்க முடியாத கெட்டியான டப்பாவில் மூடி எடுத்துச் சென்று மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பில்களைப் பத்திரப்படுத்துங்கள்: ஆரோக்ய சஞ்சீவனி போன்ற காப்பீட்டில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் மருத்துவச் செலவைக் கோர இடமிருக்கிறது. டிக்கெட்டையும் கார் வாடகையையும் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கூட வருபவர் மூன்று அவசரச் செயல்களைக் கிளம்பும் முன் செவிலியரிடம் செய்து காட்டச் சொல்லிப் பழக வேண்டும். பிக் லைன் வெட்டுப்பட்டாலோ உடைந்தாலோ, உடைந்த இடத்துக்கும் தோலுக்கும் நடுவில் குழாயை மடித்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். உடனே மூச்சுத்திணறல் வந்தால் இடப்பக்கமாகத் தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்து உதவி கோர வேண்டும். லைன் முழுவதும் வெளியே வந்துவிட்டால், நுழைந்த இடத்தைச் சுத்தமான பஞ்சால் அழுத்திப் பிடிக்க வேண்டும், திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. ஃபிளஷ் செய்த சற்று நேரத்தில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, லைன் உள்ள கை வீங்கினாலோ, பயணத்தை அங்கேயே நிறுத்தி அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே காட்டுவதற்காக ஒரு தாளில் நோயின் பெயர், கிருமியின் பெயர், மருந்து, அளவு, கடைசி டோஸ் போட்ட நேரம், ஒவ்வாமை, சென்னை மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வைத்திருங்கள். செஃப்ட்ரையாக்சோன் பெறுபவரானால், அதே லைனில் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலையோ கால்சியம் கலந்த வேறு திரவத்தையோ அதனுடன் சேர்த்து ஏற்றக் கூடாது என்ற வரியையும் அந்தத் தாளிலேயே பெரிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.